பாட்டுக்கு ஓடும், பேச்சுக்கு நிற்கும்

நல்லம்பள்ளியில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு மாவு மில் இருந்தது. அதை நடத்திய அக்காவுக்கு ஒரு வழக்கம். ரேடியோவில் பாட்டு ஓடும்போது மிஷினை ஓட்டுவார். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தால் மிஷினை நிறுத்திவிடுவார். அவர் பேசி முடித்து அடுத்த பாட்டு தொடங்கியதும் மறுபடி ஓட்டுவார். ஊரில் எல்லாரும் பாட்டுக்குக் காது கொடுத்துவிட்டு, பேச்சு வந்தால் எழுந்து போவார்கள். இந்த அக்கா அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார்.

நானோ பேச்சுக்குப் பரம விரோதி. காலையிலிருந்து சாயங்காலம் வரை பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வருகிறவளுக்கு, ரேடியோவிலும் ஒருவர் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும்? பேசாமல் பாட்டைப் போட்டால் போதாதா என்றுதான் எனக்குத் தோன்றும். இப்போது என் போனில் பழைய பாட்டுக்கென்றே ஒரு செயலி இருக்கிறது. பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு, அது முடிந்தால் இன்னொன்று. நடுவில் ஒரு மனிதர் கிடையாது. நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற அந்தச் சின்ன இடைவெளியில், கீழே மிஷின் நிற்கிற சத்தம் வரவில்லையே என்று என் காது இன்னமும் தேடுகிறது.

அந்தக் காலத்தில் சாட்டிலைட் ரேடியோ என்று ஒன்று வந்திருந்தது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு தட்டையான ஆன்டெனா. வானத்தில் எங்கேயோ இருக்கிற செயற்கைக்கோளைப் பார்க்கிற மாதிரி ஆன்டெனாவைத் திருப்பி வைக்க வேண்டும். சந்தா கட்டினால் விளம்பரம் இல்லாமல் நாளெல்லாம் பாட்டு வரும். பெங்களூரில் வேலை பார்த்த அக்காவின் தம்பி, மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தபோது அதை வாங்கி வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி கீழே மில்லில், மாவு படாமல் பாலித்தீன் கவருக்குள். ஆன்டெனா மேலே என் மொட்டைமாடியில். என் துணிக்கொடியும் அங்கேதான்.

இதனால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சம் அல்ல. ஈரச் சேலையைக் கொடியில் விரித்தால் அது காற்றில் போய் ஆன்டெனாவின் மேல் விழும். கீழே ரேடியோ வாயடைத்துப் போகும். உடனே படிக்கட்டில் குரல் வரும்.

"டீச்சர்! சேலை!"

அவ்வளவுதான். வேறு விளக்கமெல்லாம் கிடையாது. நான் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓட வேண்டும். ஒரு தடவை குளித்துக்கொண்டிருந்தேன். நான் வெளியே வந்து சேலையை ஒதுக்குவதற்குள் அறிவிப்பாளர் ஏதோ சொல்லி முடித்து, பாட்டையும் போட்டுவிட்டார். சின்ன வயதில் அவர் ஒரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிய கதையாம். ஓடுகிற இடத்தில் என் சேலை விழுந்துவிட்டது.

"அந்த பஸ்ஸப் புடிச்சாரா இல்லையான்னு தெரியாமலே போச்சுங்களே டீச்சர்" என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் என் ராகியைக் கொரகொரப்பாகவே அரைத்துக் கொடுத்தார். வேண்டுமென்று செய்தாரா என்று நான் கேட்கவில்லை. களி கிண்டும்போது எனக்கே தெரிந்துபோயிற்று.

மாவு மிஷினை விளக்குப் போல நினைத்தபோது போட்டு நினைத்தபோது அணைக்க முடியாது. மேலே தகரக் கூம்பில் தானியம் கொட்டியிருப்பார்கள். அதன் அடியில் ஒரு தகடு. தகட்டை இழுத்தால் தானியம் கல்லுக்குள் இறங்கும், மாவாகித் துணிக்குழாய் வழியாக டப்பாவில் விழும். கல்லுக்குள் தானியம் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்திவிட்டால் வம்பு. அடுத்த தடவை போடும்போது கல் சுற்றாது, பெல்ட் வழுக்கிக் கருகும். ஆகவே முதலில் தகட்டைத் தள்ளி மூடி, உள்ளே இருப்பது அரைபட்டுக் கல் காலியாகும் வரை விட்டு, அப்புறம்தான் நிறுத்த வேண்டும். அதாவது, அறிவிப்பாளர் வாயைத் திறக்கும் நேரத்தில் மிஷின் நின்றிருக்க வேண்டுமென்றால், பாட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தகட்டை மூட வேண்டும். கடைசியாகப் பல்லவி திரும்பி வருமே, அந்த இடத்தில்.

மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே கேட்காது. பாட்டு எங்கே கேட்கப் போகிறது? நான் குடிவந்த புதிதில் அவரிடமே கேட்டேன்.

"இந்தச் சத்தத்துல பாட்டு எந்த இடத்துல இருக்குன்னு எப்படிக்கா தெரியுது?"

"கேக்காதுங்க டீச்சர். உள்ள ஓடுது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பாட்டின் முதல் வரியை மட்டும் கேட்டுக்கொள்வார். மிஷினைப் போட்டதும் மிச்சத்தை மனசுக்குள் பாடிக்கொண்டே அரைப்பார். உதடு அசைந்துகொண்டிருக்கும். அப்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. பேசினால் இடம் தவறிப்போகும். விவரம் தெரியாத யாராவது போய், "அக்கா, அரிசி கொஞ்சம் நைசா இருக்கட்டும்" என்று காதில் கத்தினால், அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். ஜெபம் பண்ணுகிறவரைத் தொந்தரவு செய்துவிட்டதுபோல் அந்த ஆள் ஒதுங்கி நிற்பார்.

இத்தனை பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவர் பழைய பாட்டில் கரை கண்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் படம், யார் பாடியது, யார் இசை என்று எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. ஒரு பாடகரின் பாட்டை இன்னொருவர் தலையில் கூசாமல் கட்டுவார். பாட்டு எவ்வளவு நீளம் என்பதுதான் அவருக்கு முக்கியம். எந்த அறிவிப்பாளராவது மூன்றாவது சரணத்தை வெட்டிப் பாட்டைப் பாதியில் முடித்துவிட்டால் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறும். அவர் மனசுக்குள் பாடி முடிப்பதற்குள் அங்கே பேச்சு ஆரம்பித்திருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் யாராவது கை காட்டியதும் இவர் அவசர அவசரமாகத் தகட்டை மூடுவார்.

"மூணு சரணம் எழுதனவன் என்ன கேனையனா? முழுசாப் போட்டா இவங்க வூட்டுச் சொத்தா கொறைஞ்சுடும்?"

இளவட்ட அறிவிப்பாளர்கள்தான் அப்படி வெட்டுவார்கள். அவர்கள் பேச்சுக்கும் அக்கா மிஷினை நிறுத்துவார்தான், ஆனால் அந்த வழக்கம் அவர்களுக்காக வந்தது அல்ல. காலையில் ஒரு மணி நேரம் பேச வருகிற ஒரு பெரியவருக்காக. முப்பது நாற்பது வருடமாக வேறு எங்கெங்கோ ரேடியோவில் பேசிப் பழுத்து, வயதான பிறகு இந்தச் சானலுக்கு வந்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். பாட்டைப் பற்றி அதிகம் பேச மாட்டார். முழங்கால் வலி, பக்கத்து வீட்டில் பால் பொங்கிய வாசனை, மழையில் நனைந்த செருப்பு, இப்படி எதையாவது நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொல்வார். எனக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. இதைச் சொல்லவா ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்கள் என்று மாடியில் உட்கார்ந்து முணுமுணுப்பேன்.

அக்காவுக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி. "இன்னைக்கு அவருக்குச் சளி புடிச்சிருக்குதுங்க" என்பார். "வெந்நி குடிக்கச் சொன்னா கேக்கறாரா?" என்பார், என்னவோ இவர் சொல்லி அவர் கேட்காமல் போனது போல. அவர் சொல்வதற்கெல்லாம் பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்வார், பாதிக்கு மேல் சண்டைதான்.

வாடிக்கையாளர்களுக்கு இது பழகிவிட்டது. பழகாதவர்கள் சத்தம் போடுவார்கள். ஒருநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருவர் பச்சரிசியோடு ஓடி வந்தார். அவர் முறை வந்த நேரம் பார்த்து மிஷின் நின்றது.

"ஏம்மா, எவனோ பேசறதுக்கு நாங்க காத்துக் கெடக்கணுமா?"

"ரெண்டு நிமிசத்துல உங்க அரிசி மொளச்சுடாதுங்க. நில்லுங்க."

பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக ஒரு மில் வந்தபோது கொஞ்சம் பேர் அங்கே போய்விட்டார்கள். நான் அக்காவிடம் நேராகவே கேட்டேன். பாட்டு ஓடும்போது நிறுத்தினாலாவது ஒரு நியாயம் இருக்கிறது, பேச்சுக்குப் போய்த் தொழிலைக் கெடுத்துக்கொள்வார்களா என்று.

"பாட்டு எனக்குத் தெரிஞ்சதுங்க டீச்சர். அவரு என்ன சொல்லப் போறாருன்னுதான் தெரியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து இதையும் சொன்னார். "காலைல கதவத் தொறந்ததுல இருந்து எல்லாரும் எங்கிட்டக் கத்தறாங்க. மிஷின் சத்தத்துல கத்தித்தான் ஆகணும், அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. வூட்டுக்காரரு வந்தா சாப்புட்டுட்டுப் படுத்துக்கறாரு. எங்கிட்ட மெதுவாப் பேசறது அவரு ஒருத்தருதானுங்க."

அவருடைய கணவர் தக்காளிக் கூடைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகிறவர். நல்ல மனிதர். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. அக்கா அன்று அதைச் சொன்ன பிறகு என் கொடியை நானே மாடியின் மறுபக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டேன்.

களி விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் ரேடியோப் பெரியவர் எங்கள் பக்கம் ஏதோ கல்யாணத்துக்கு வந்துபோன கதையைச் சொன்னார். களி சாப்பிட்டேன், மென்று மென்று தாடை வலித்துவிட்டது என்றார். மில்லில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். அக்கா படியேறி வந்து என் செல்போனைக் கையில் கொடுத்தார்.

"அவருக்கு மெசேஜ் போடுங்க டீச்சர். களிய மெல்லக் கூடாது. உருட்டிக் கொழம்புல தொட்டு முழுங்கோணும். யாராச்சும் சொல்லித் தராம வுட்டுட்டாங்க பாருங்க."

"பேரு என்னன்னு போடட்டும்?"

"பேரு எதுக்குங்க? ஊரப் போடுங்க."

மறுநாள் அவர் அதைப் படித்தார். நல்லம்பள்ளியிலிருந்து ஒரு நேயர் எனக்குச் சாப்பிடக் கற்றுக் கொடுக்கிறார் என்று சிரித்தார். அடுத்த வாரம், விழுங்கிப் பார்த்தேன், தொண்டையில் நின்றுவிட்டது, தண்ணீர் குடித்துப் பிழைத்தேன் என்றார். "மொதல்ல சின்ன உருண்டையா உருட்டணும்" என்று அக்கா பெட்டியைப் பார்த்துச் சொன்னார். அன்று மிஷினைத் திரும்பப் போட மறந்துபோய், ஒரு முழுப் பாட்டும் யாருக்கும் உபயோகமில்லாமல் ஓடியது.

அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மில்காரர்கள் எல்லாம் மின்சாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கரண்ட் போனால் முகம் மலர்கிற மில்காரர் தமிழ்நாட்டிலேயே இவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். பெட்டி பேட்டரியில் ஓடும். மிஷின் ஓடாது. பெரியவர் பேசுகிற அந்த ஒரு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் அவருக்குத் திருவிழா.

இப்படியே போய்க்கொண்டிருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கீழே பெட்டியின் சத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வந்தது. முதலில் கவனித்தது மாடியில் இருந்த நான்தான். பேச்சுக்கு விரோதியான எனக்கு அந்தப் பெரியவரின் ஒவ்வொரு வார்த்தையும் படுக்கையறை வரை கேட்க ஆரம்பித்தது. பிறகு அக்காவிடம் ஒன்று கேட்டால் வேறொன்று பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை அவரைக் கட்டாயப்படுத்தி தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மில் சத்தம்தான் காரணம் என்றார். போனது திரும்ப வராது, இதே சத்தத்தில் இருந்தால் மிச்சமும் போய்விடும், மில்லை விட்டுவிடுங்கள் என்றார்.

திரும்பி வந்து நல்லம்பள்ளியில் இறங்கியதும் அக்கா சொன்னார்.

"மில்ல வுட்டுட்டு சோத்துக்கு எங்க போறதுங்க டீச்சர்? ஒரு நாளைக்குத் தக்காளி வெல போகுது, ஒரு நாளைக்கு ரோட்டுல கொட்டிட்டு வராங்க. மில்லுதான் நிக்குது." பிறகு, "இருக்கற காத அவருக்கு வெச்சுக்கறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். மறுநாளிலிருந்து இரண்டு காதிலும் பஞ்சு. பாட்டு தொடங்கினால் பஞ்சை அடைத்துக்கொண்டு மிஷினைப் போடுவார். மிஷின் நின்றதும் பஞ்சை எடுத்துவிட்டு, பெட்டியின் பக்கத்தில் காதைக் கொண்டுபோவார். ஆஸ்பத்திரியில் காது மிஷினும் கொடுத்திருந்தார்கள். அது மாவு மிஷின் சத்தத்தை இன்னும் பெரிதாக்கியதுதான் மிச்சம். அதற்குள் மாவும் புகுந்துகொண்டது. கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோ கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. போனில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, என்னிடம் நீட்டிவிட்டார். பழைய பாட்டுச் சானலைப் பற்றிச் சந்தாதாரர்களின் கருத்தைக் கேட்கிறோம் என்றது ஒரு பெண் குரல். பாட்டு அதிகம் வேண்டுமா, பேச்சு இப்போது இருக்கிற அளவு போதுமா, குறைக்கலாமா?

குறைக்கலாம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சந்தா என்னுடையது இல்லையே. அக்காவின் காதருகே போய்க் கேள்வியைக் கத்தினேன்.

"பாட்டக் கொறச்சுட்டு அவர இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லுங்க" என்றார் அக்கா.

நான் அப்படியே சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாள். "அப்படி யாரும் சொல்லலைங்க மேடம். எல்லாரும் பேச்சைக் குறைக்கத்தான் சொல்றாங்க" என்றாள். வேறு ஏதாவது கருத்து உண்டா என்று கேட்டாள். அதையும் கத்தினேன்.

"அன்னைக்கு அந்த பஸ்ஸப் புடிச்சாரான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."

நான் அதையும் சொன்னதும் அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் பேச்சு குறைந்தது. என்னைப் போன்றவர்கள்தான் நாட்டில் அதிகம் போலிருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு, அந்தப் பெரியவர் ஒரு வரி மட்டும் சொன்னார். வணக்கம், அடுத்த பாடல் இது, அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கும் அக்கா தகட்டை மூடி, மிஷினை நிறுத்தி, பஞ்சை எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இதுக்காக்கா நிறுத்தறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒரு வரின்னாலும் அவரு சொல்றதுதானே" என்றார். நான் ஆசைப்பட்ட ரேடியோ எனக்குக் கிடைத்துவிட்டது. மாடியில் உட்கார்ந்து கேட்டேன். சந்தோஷமாக இல்லை என்பதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

பிறகு கம்பெனியையே மூடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். கடைசி நாள் காலையில் அந்தப் பெரியவரை இஷ்டம் போலப் பேசவிட்டார்கள். மூடுகிற கடையில் யாரைக் கட்டுப்படுத்தி என்ன ஆகப் போகிறது என்று விட்டிருப்பார்கள்.

மார்கழி மாதம். பொங்கலுக்கு முறுக்கு மாவு அரைக்க டப்பாக்களின் வரிசை ரோடு வரை நின்றது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற ஒருவர் குரலை உயர்த்த ஆரம்பித்தார். அக்காவின் கணவர் மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்து டெம்போவை நிறுத்தியிருந்தார். கீழே இறங்கி, அந்த ஆளிடம் போய், "இன்னைக்கு ஒரு நாளு வுடுங்க. அவ கேக்கட்டும்" என்றார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்தது அன்றுதான். அந்த ஆள் அடங்கிவிட்டார்.

பெரியவர் பேச ஆரம்பித்தார். அன்று அவர் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது. அக்கா காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தார். கண்ணை மூடினார், திறந்தார், சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை அழுத்தினார். அதற்கு மேல் கூட்ட இடமில்லை. வாசலில் நின்ற என்னைத் தேடிப் பார்த்தார்.

"டீச்சர், என்ன சொல்றாரு? எரைச்சலாத்தான் இருக்குது. ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

பக்கத்தில் போய் உட்கார்ந்து பெரியவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிக் கத்தினேன். "ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து பேசறாராம்! இத்தனை வருஷமா கேக்கறவங்க முகத்தையே பார்த்ததில்லையாம்!"

அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். "கத்தாதீங்க டீச்சர். அவரு இப்படிக் கத்த மாட்டாரு."

அதற்குப் பிறகு என் வாயை அவர் காதோடு ஒட்டிவைத்து, வகுப்பில் ஒருநாளும் பேசாத மெதுவான குரலில் சொன்னேன். யாராவது கேட்டார்களா என்று அவருக்குத் தெரியாதாம். கேட்டிருந்தால் நல்லதாம். லாரி ஓட்டுகிறவர்கள், வாட்ச்மேன்கள், கைக்குழந்தையோடு தூங்காமல் இருந்த தாய்மார்கள் எழுதியதெல்லாம் நினைவிருக்கிறதாம். அந்த இடத்தில் அவர் மூச்சு வாங்கினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நல்லம்பள்ளியில மில்லு வெச்சிருக்கற அம்மாவையும் மறக்க மாட்டேன்னு சொல்றாருக்கா" என்றேன்.

அக்கா தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவருக்கு நான் மில்லு வெச்சிருக்கறது எப்படிங்க தெரியும்? ஊரு மட்டும்தானே போட்டோம். அவரு சொன்னத மட்டும் சொல்லுங்க டீச்சர்."

நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற எனக்கே அங்கே அதட்டல் கிடைத்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, பெரியவர் சொன்னதை மட்டும் சொன்னேன். முழங்கால் வலி பரவாயில்லையாம். இனிமேல் காலையில் என்ன செய்வதென்று தெரியவில்லையாம். அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நானும் சொன்னேன்.

"களியை இன்னமும் மென்றுதான் சாப்பிடறாராம். நல்லம்பள்ளி நேயர் மன்னிக்கணுமாம்."

அக்கா நம்பவில்லை. "மறுபடியுமா டீச்சர்?" என்று சலித்துக்கொண்டார். இல்லை அக்கா, சத்தியமாக, என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது வரிசையின் முன்னால் நின்றவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அக்காவுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாகத் தலையை ஆட்டினாள். "ஆமாங்கக்கா, சொன்னாருங்க." அவளுக்குப் பின்னால் நின்றவர் தலையாட்டினார். முதலில் குரலை உயர்த்திய ஆளும் ஆட்டினார். ரோடு வரைக்கும் அத்தனை தலைகளும் ஆடின. கடைசியாக வாசலில் நின்ற அவர் கணவர், உள்ளங்கையில் எதையோ உருட்டி வாயில் போட்டு மெல்லுவது போல் செய்து காட்டினார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாவு படிந்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியது. "இன்னும் மெல்லறாரா மனுசன்" என்றார்.

பெரியவர் வணக்கம் சொன்னார். கடைசிப் பாட்டின் பெயரைச் சொன்னார். அதை நான் அக்காவின் காதில் சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டு அது, இன்று அதைக் கேட்டாலும் என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. அக்கா எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு காதிலும் பஞ்சை வைத்தார். முன்னால் இருந்த டப்பா அரிசியைத் தகரக் கூம்பில் கொட்டினார். ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

கடைசிப் பாட்டையாவது கேட்க விட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு நொடி கோபம் வந்தது. வழக்கம் வழக்கம்தான். மிஷின் இரைச்சலில் எங்களில் யாருக்கும் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அந்தப் பாட்டைக் கேட்டோம். ஒரு இடத்தில் அவர் கை போய்த் தகட்டை மூடியது. துணிக்குழாயில் மாவு மெலிந்து நின்றது. கல் காலியாகச் சுற்றியது. மோட்டாரை அணைத்தார். பெல்ட் தளர்ந்து நின்றது.

பாட்டு முடிந்திருந்தது. பெட்டியில் எதுவும் வரவில்லை. அக்கா பஞ்சை எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து, பெட்டியின் பக்கம் காதைக் கொண்டுபோனார். எப்போதும் அவர் நிற்கிற நேரத்தைவிட இன்னும் கொஞ்சம் நேரம் அப்படியே நின்றார்.

பிறகு நிமிர்ந்து, "யாருதுங்க அடுத்தது?" என்றார்.